வீட்டு ரவுட்டர், கன்சோல் கேம், லேக்: சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எதில் ஆடினாலும் சரி, ஆன்லைனில் கேம் இழுக்க ஆரம்பித்தால் உடனே ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்து எதையாவது மாற்றத் தோன்றும். அதற்கு முன் பத்து நிமிடம் சோதனைக்கு ஒதுக்குங்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் கை வைத்தால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

200 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீட் டெஸ்டிலும் முழுதாக வருகிறது. அப்புறமும் ஏன் லேக் அடிக்கிறது?

ஆடுவதற்கு வேகம் அதிகம் தேவையே இல்லை. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் ஆட்டத்தின்போது 1 எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடுவதில்லை. பிளான் வேகம் கைகொடுப்பது 100 ஜிபி கேமை டவுன்லோடு செய்யும்போதுதான்.

ஆட்டத்தில் நீங்கள் உணர்வது வேறு மூன்று விஷயங்கள். பட்டனை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் பிங். அந்த நேரம் கூடிக் குறைந்து ஆடினால் ஜிட்டர். செய்தி வழியிலேயே தொலைந்தால் பேக்கெட் லாஸ். 60 பிரேமில் ஓடும் கேமில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். பிங் 30லிருந்து திடீரென்று 90க்கு எகிறினால் கிட்டத்தட்ட நான்கு பிரேம் காணாமல் போகிறது. எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து சுட்டதுபோல் தெரிவது இதனால்தான். 25க்கும் 90க்கும் நடுவே ஊசலாடும் லைனைவிட 60லேயே அசையாமல் நிற்கும் லைன் எவ்வளவோ மேல்.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்சோல் இருக்கும் இடத்திலேயே ஒரு லேப்டாப்பை வையுங்கள். கன்சோல் எப்படி இணைந்திருக்கிறதோ அப்படியே அதையும் இணையுங்கள்: வைஃபை என்றால் அதே வைஃபை, கேபிள் என்றால் அதே கேபிள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8க்கும் (வெளியே உள்ள கூகுள் சர்வர்) நிற்காமல் பிங் (ping -t, பிறகு முகவரி) ஓட விடுங்கள். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1; ஜியோ ரவுட்டரில் 192.168.29.1. இரவு 8 மணிக்கு மேல், எல்லா வீட்டிலும் டிவி ஓடும் நேரத்தில், பத்து நிமிடம் ஓடட்டும்.

ரவுட்டர் ஜன்னலில் கேபிள் என்றால் 1 எம்எஸ்ஸும் (மில்லிசெகண்ட்) நல்ல வைஃபை என்றால் 2 முதல் 5 எம்எஸ்ஸும் வரவேண்டும். அதிலேயே 80, 150 என்று எகிறினால் கோளாறு உங்கள் ஹாலுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பயனில்லை. ரவுட்டர் ஜன்னல் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் தாவினால் இரண்டு வாய்ப்புகள். வீட்டில் எல்லோருடைய போனையும் டிவியையும் வைஃபையிலிருந்து விலக்கிப் பாருங்கள். தாவல் நின்றால் உங்கள் லைன் நெரிசலில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் லைனிலோ இன்டர்நெட் கம்பெனியின் பக்கத்திலோ கோளாறு.

டேட்டா எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று வரிவரியாகக் காட்டும் டிரேஸ் ரூட்டை எடுத்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு வரி மட்டும் நட்சத்திரக் குறி காட்டினால் கவலை வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து எவ்வளவு பிங் வந்தால் நியாயம்?

கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். இந்தக் கணக்கைத் தாண்டி எந்த செட்டிங்காலும் பிங்கைக் குறைக்க முடியாது. மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர 10 எம்எஸ்ஸாவது ஆகும். கேபிள் வளைந்து நெளிந்து வருவதால் நடைமுறையில் 20 முதல் 30.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. சிங்கப்பூருக்கான கடலடி கேபிள்கள் நம் கரையிலிருந்தே கிளம்புகின்றன. 2002 முதல் இயங்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 எம்எஸ். அதனால் லைன் நேர்வழியில் போனால் சிங்கப்பூர் சர்வரில் 35 முதல் 45க்குள் வரலாம். உங்களுக்கு 90க்கு மேல் வருகிறது என்றால் டேட்டா வேறெங்கோ சுற்றிக்கொண்டு போகிறது. இது ரவுட்டரால் தீராது. டிரேஸ் ரூட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். கேமில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் மும்பை, சிங்கப்பூர் இரண்டையும் ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய சர்வரில் 130க்குக் கீழே எதிர்பார்க்கவேண்டாம்.

லேன் கேபிள் கட்டாயம் வேண்டுமா?

முடிந்தால் இதைத்தான் முதலில் செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட ஒரு கேபிள் அதிகப் பலன் தரும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் எல்லாவற்றிலும் லேன் போர்ட் இருக்கிறது. ஸ்விட்ச் ஓஎல்இடியிலும் ஸ்விட்ச் 2விலும் டாக்கில் இருக்கிறது. பழைய ஸ்விட்ச்சின் டாக்கில் யுஎஸ்பி லேன் அடாப்டர் செருகவேண்டும்.

கேட் 5ஈ போதும்; 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். புதிதாகச் சுவரில் இழுப்பதென்றால் கேட் 6 போடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் அங்கே அதே பெட்டியில், அதே நிறத்தில் கிடைக்கும். கம்பியின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சில மாதங்களில் முனை ஒடியும், லிங்க் விட்டுவிட்டு வரும்.

நீங்களே கிரிம்ப் செய்வதென்றால் இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்கட்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நான்கு ஜோடியில் ஒன்று விட்டுப்போனாலும் லிங்க் 1000லிருந்து 100க்கு இறங்கும், அல்லது லிங்கே வராது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் போர்ட் வேகம் தெரியும். சில ஓஎன்டி பெட்டிகளில் (ஃபைபர் வந்து சேரும், கம்பெனி தந்த பெட்டி) ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. கன்சோலை எதில் செருகியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

வாடகை வீடு, கேபிள் இழுக்க ஓனர் விடமாட்டார். வைஃபையை எப்படிச் சரிசெய்வது?

முதலில் இடம். இன்டர்நெட் ஆள் வந்தபோது வாசல் கதவுக்கு மேலேயோ லாஃப்டிலோ மாட்டிவிட்டுப் போயிருப்பார். பீரோவுக்குப் பின்னாலும் டிவி ஷெல்ஃபின் மூடிய கதவுக்குள்ளும் ரவுட்டர் இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது. இரும்பும் கான்கிரீட் தூணும் 5 கிகாஹெர்ட்ஸைக் கடுமையாகத் தடுக்கும். கன்சோலுக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு சுவருக்கு மேல் இல்லாதபடி பாருங்கள். ஃபைபரை நகர்த்த முடியாவிட்டால் ஓஎன்டி இருக்கும் இடத்திலிருந்து சுவரின் அடி ஓரமாக பத்து மீட்டர் லேன் கேபிளை ஒட்டும் கிளிப் போட்டு ஓட்டி, ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவரலாம். சுவரில் ஆணியடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பேண்ட். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் ஸ்மார்ட் கனெக்டை அணைத்து இரண்டு பெயராகப் பிரியுங்கள். கன்சோலை 5இல் மட்டும் சேருங்கள். 2.4ஐ கன்சோல் பயன்படுத்தினால் இன்னொரு தொல்லை: கன்ட்ரோலரின் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். 2013இல் வந்த முதல் பிஎஸ்4க்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அதற்குக் கேபிள்தான் வழி.

சேனலை ஆட்டோவில் விடாதீர்கள். வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தால் இருபது, முப்பது நெட்வொர்க் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48, அல்லது 149 முதல் 161, இவற்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ரொம்ப நெரிசல் என்றால் 40. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் காலியாகத் தெரியும், ஆசைப்படவேண்டாம். அவை ரேடாருடன் பங்கிடப்பட்டவை. ரேடார் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓடவேண்டும் என்பது விதி. புதிய சேனலும் அதே வகையென்றால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசும். மேட்ச்சின் நடுவே அந்த ஒரு நிமிடம் வந்தால் போச்சு. 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தாலும் இந்தச் சேனல்கள் உள்ளே வந்துவிடும். 2.4ஐ வேறு கருவிகளுக்கு வைத்திருந்தால் 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20.

பவர்லைன் அடாப்டர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்து இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சரியாக வேலை செய்யாது. திருப்பித் தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

நான் ஆடும்போது வீட்டில் யாராவது வீடியோ அனுப்பினால் உடனே லேக். இதற்கு என்ன?

இதன் பெயர் பஃபர்ப்ளோட். எங்கள் பார்வையில், நல்ல ஃபைபர் இருந்தும் லேக் அடிக்கும் வீடுகளில் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். அப்லோடு நிரம்பியதும் ரவுட்டர் பேக்கெட்டுகளைத் தன்னிடம் வரிசையில் நிற்க வைக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் வண்டிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு பால் பாக்கெட்டோடு நிற்பவர் நிலைமைதான் கேம் பேக்கெட்டுக்கு. போனின் போட்டோ பேக்கப், கிளவுடுக்கு அனுப்பும் சிசிடிவி, வேலைக்கான வீடியோ கால் எல்லாம் அந்த வண்டிகள்.

உறுதிசெய்ய ஃபாஸ்ட் டாட் காம் போய் சோதனை முடிந்ததும் கூடுதல் விவரத்தைத் திறங்கள். சும்மா இருக்கும்போது உள்ள லேட்டன்ஸி, லோடு ஏறும்போது உள்ள லேட்டன்ஸி என்று இரண்டு எண் காட்டும். முதலாவது 8, இரண்டாவது 15 என்றால் நல்லது. இரண்டாவது 150 என்றால் கோளாறு பிடிபட்டுவிட்டது.

தீர்வு எஸ்க்யூஎம்: இந்த வரிசையைக் கட்டுப்படுத்தி, சின்ன பேக்கெட்டுகளைக் காக்க வைக்காத முறை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் கேக் அல்லது எஃப்க்யூ கோடெல் என்ற முறையில் கிடைக்கும். கேபிளில் மூன்று முறை வேகம் அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணை எடுத்து, அதில் 90 சதவீதத்தை வரம்பாகப் போடுங்கள். டவுன்லோடு 95 வந்தால் 85, அப்லோடு 90 வந்தால் 81. வரம்பு லைனின் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் வரிசை கம்பெனியின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே, உங்கள் கட்டுப்பாட்டில் நிற்கும். 10 சதவீத வேகத்தைக் கொடுத்து நிலையான பிங் வாங்குகிறோம், தயங்காமல் செய்யலாம். சோதித்து, லோடு லேட்டன்ஸி இன்னும் ஏறினால் வரம்பை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள்.

சாதாரண டிபி லிங்க், ஆசுஸ் ரவுட்டர்களில் க்யூஓஎஸ் என்ற பெயரில் இருக்கும். அதிலும் மொத்த வேகத்தைக் கையால் இதேபோல் குறைத்துப் போட்டு, கன்சோலை முதல் இடத்தில் வையுங்கள். மொத்த வேகத்தை உண்மையைவிட அதிகமாகப் போட்டால் க்யூஓஎஸ் இருந்தும் இல்லாததுபோல்தான். இன்னொன்று: இதை ஆன் செய்தால் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் அணைந்து, மலிவு ரவுட்டரின் பிராசஸர் 300, 500 எம்பிபிஎஸ்ஸில் திணறும். ஆன் செய்தபின் வேகம் பாதியாகிவிட்டால் காரணம் அதுதான்.

க்யூஓஎஸ்ஸே இல்லாத பெட்டி என்றால், போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், கேமராவின் பதிவுத் தரத்தைக் குறையுங்கள், கன்சோலின் தானியங்கி டவுன்லோடை ஆடும் நேரத்தில் நிறுத்துங்கள்.

நாட் டைப் 3, ஸ்ட்ரிக்ட் என்று காட்டுகிறது. அதனால் என்ன கெடுதல்?

வீட்டின் எல்லாக் கருவிகளும் ஒரே பொது முகவரியில் வெளியே பேச ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்தான் நாட். அதன் டைப்பைப் பார்க்கும் இடம்: பிஎஸ்5இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ், டெஸ்ட் நாட் டைப். ஸ்விட்ச்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட், டெஸ்ட் கனெக்‌ஷன். பிஎஸ்5இல் டைப் 2 வந்தால் போதும். டைப் 1ஐத் துரத்தவேண்டாம். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், ஸ்விட்ச்சில் ஏ அல்லது பி.

நாட் டைப் பிங்கைக் குறைக்காது. இரண்டு கன்சோல்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் அது வேலைக்காகும்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற சண்டை கேம்கள், ஜிடிஏ ஆன்லைன், பார்ட்டி சாட். ஸ்ட்ரிக்ட் என்றால் மேட்ச் கிடைக்கத் தாமதம், நண்பர் குரல் கேட்காமை, லாபியிலிருந்து விழுவது. தனி சர்வரில் நடக்கும் கேமில் லேக் என்றால் நாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நாட்டைச் சரிசெய்யும் வரிசை என்ன?

முதலில் யுபிஎன்பி: தனக்கு வேண்டிய போர்ட்டை (டேட்டா நுழையும் எண்ணிட்ட கதவு) கன்சோல் ரவுட்டரில் தானே திறந்துகொள்ளும் வசதி. ரவுட்டரில் அதை ஆஃப் செய்து சேமித்து, ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பழைய போர்ட் பதிவுகள் அழியும். பிறகு கன்சோலை முழுதாக அணைத்துப் போடுங்கள். ரெஸ்ட் மோடு கணக்கில் வராது. எக்ஸ்பாக்ஸில் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் முழுதாக அணையும். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது அந்தக் கதவுகளைக் கையால் திறந்து கன்சோலுக்குத் திருப்புவது. கன்சோலின் மேக் முகவரியைக் குறித்து, ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அதற்கென்று ஓர் ஐபியை ஒதுக்குங்கள். இந்தப் படியை விட்டால் நாளைக்கு ஐபி மாறும், ஃபார்வர்டிங் வேறு கருவிக்குப் போகும். பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478, 3479, 3480. யுடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு டிசிபி, யுடிபி இரண்டிலும் 3074. யுடிபியில் 88, 500, 3544, 4500. வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இரண்டும் 3074க்கே சண்டை போடும். ஒன்றில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ஆல்டர்நேட் போர்ட் செலக்‌ஷனில் வேறு எண் தாருங்கள்.

டிஎம்இசட்டில், அதாவது எல்லா போர்ட்டும் வெளியே திறந்திருக்கும் இடத்தில், கன்சோலைப் போடுவது கடைசி வழி. கன்சோலுக்கு மட்டும் செய்யலாம். கம்ப்யூட்டரையோ டிவியையோ அதில் போடவே கூடாது.

எல்லாம் செய்தும் ஸ்ட்ரிக்ட். டபுள் நாட் என்கிறது எக்ஸ்பாக்ஸ்.

கம்பெனி தந்த ஓஎன்டியும் ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கி அதற்குப் பின்னால் செருகியதும் ஒரு ரவுட்டர். ஒன்றில் போர்ட் திறந்தாலும் மற்றது அடைத்திருக்கும். சுலபமான வழி, உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது. உங்கள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் வேண்டும் என்றால் இது உதவாது; ஓஎன்டியை ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். அப்போது பிபிபிஓஈ (கம்பெனியின் லைனுக்கான லாகின்) யூசர் நேமும் பாஸ்வேர்டும் உங்கள் ரவுட்டரில் அடிக்கவேண்டியிருக்கும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சில இடங்களில் விலான் எண்ணும் தேவைப்படும்.

பிரிட்ஜ் மோடும் போட்டாச்சு. இன்னும் அப்படியே இருக்கிறது.

ரவுட்டரின் வான் (WAN) ஐபியை, அதாவது கம்பெனி அதற்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் அல்லது 10இல் தொடங்கினால், கம்பெனி பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குள் வைத்திருக்கிறது. இதுதான் சிஜிநாட். இதில் உங்கள் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு மதிப்பே இல்லை. கதவு உங்கள் வீட்டில் இல்லை, அவர்கள் கட்டடத்தில் இருக்கிறது. வழி இரண்டு. ஐபிவி6 தருகிறார்களா என்று கேட்டு ரவுட்டரில் ஆன் செய்யுங்கள். எக்ஸ்பாக்ஸ் அதை நன்றாகப் பயன்படுத்தும். இல்லையென்றால் மாதக் கட்டணம் கட்டி ஸ்டேடிக் ஐபி வாங்கவேண்டும். சிஜிநாட் இருந்தும் டைப் 2 கிடைக்கிறது, பார்ட்டியும் ஓடுகிறது என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையுமா?

குறையாது. பெயரைத் தேடி முகவரி கொடுப்பதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. லாகின் பக்கம் திறக்கத் தாமதமானால் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். எம்டியு (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஆட்டோவிலேயே இருக்கட்டும். பிபிபிஓஈ லைன் என்றால் 1492.

விலை உயர்ந்த கேமிங் ரவுட்டர் வாங்கலாமா?

கேபிள் போட்டு, எஸ்க்யூஎம் வைத்தபின் பெரும்பாலும் தேவைப்படாது. வாங்குவதென்றால் ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்க்காமல், எஸ்க்யூஎம் உண்டா, உங்கள் பிளான் வேகத்தில் அதை ஓட்டும் பிராசஸரா என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் வைஃபை 5தான். அதற்காக வைஃபை 7 ரவுட்டர் வாங்குவதில் அர்த்தம் இல்லை. பிஎஸ்5இல் வைஃபை 6 இருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் பேக்கெட் லாஸ் வருகிறது. ஃபைபரில் தண்ணீர் போகாதே?

கண்ணாடிக்கு மழையால் கேடில்லை, இணைப்புகளுக்கு உண்டு. நம் தெருக்களில் ஃபைபர் கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கும் அங்கிருந்து ஜன்னலுக்கும் தொங்கி வருகிறது. காற்றில் ஆடி வளையும், ஜாயின்ட் பெட்டிக்குள் ஈரம் புகும்.

ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் லைன் விளிம்பில் நிற்கிறது. வெயில் நாளில் ஒரு முறை, மழையில் ஒரு முறை குறித்து வையுங்கள். கஸ்டமர் கேரில் நெட் ஸ்லோ என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 21லிருந்து 28க்கு இறங்கியிருக்கிறது என்று சொன்னால் லைன்மேனை அனுப்பவேண்டிய விஷயம் என்று அவர்களுக்கே புரியும்.

அவர் வருமுன் நீங்கள் பார்க்கவேண்டியது: ஓஎன்டிக்குப் பின்னால் ஃபைபர் சுருட்டி மடங்கியிருக்கிறதா? பெரிய வட்டமாக விடுங்கள். பச்சை முனைக் கனெக்டரை நீலத்தில் செருகியிருக்கிறார்களா? பச்சையின் முகம் சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் நேராக. இரண்டும் சரியாக ஒட்டாது, சிக்னல் அங்கேயே விழும். முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராகப் பார்க்காதீர்கள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் மேட்ச் கட்டாகிறதே?

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். மறுபடி லைன் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்தவேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. செருகும் முனையும் பொருந்தவேண்டும்: பெரும்பாலும் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்ளே 2.1 அல்லது 2.5. யுபிஎஸ்ஸில் 24 வாட் அவர் என்று போட்டிருந்து, உங்கள் பெட்டி 8 வாட் இழுத்தால் கணக்குக்கு மூன்று மணி நேரம், நடைமுறையில் இரண்டரை.

ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். அடுக்குமாடியில் கீழே ஒரு ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிளாக வரும் இணைப்பு என்றால், அந்த ஸ்விட்ச்சுக்கும் கரண்ட் இருக்கவேண்டும். அதை ஜெனரேட்டர் லைனில் சேர்க்க அசோசியேஷனில் எழுதிக் கொடுங்கள்.